பெட்டி மட்டும் போதும்

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் தூசி. பெற்றவர்கள் வைத்த பெயர் பட்டச் சான்றிதழில் இருக்கிறது. சான்றிதழ் கண்ணாடிச் சட்டம் போட்டு, கடைச் சுவரில், ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் தொங்கும் ஆணிக்கு மேலே மாட்டியிருக்கிறது. அவர் குடும்பத்தில் பட்டம் என்று ஒன்றை வாங்கிய முதல் ஆள் அவர்தான். ஆனாலும் அதை அண்ணாந்து பார்க்க வருகிறவர்களுக்கு நேரம் ஏது? கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று யார் தூக்கிக்கொண்டு வந்தாலும், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் சொல்லும் முதல் வார்த்தை, "தூசி." பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம், யோசிக்க அவகாசம் வாங்குவதற்காகச் சொல்வது.

"தூசிண்ணே, இது போன வாரம் வாங்கின பெட்டி. இதுலயுமா?" என்பார் எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர்.

"நீங்க வாங்கினது போன வாரம். அது கடையில எத்தன வருசம் தூங்குச்சோ, யாரு கண்டா?"

"நல்லவேள, நீங்க டாக்டருக்குப் படிக்கல. நெஞ்சுவலின்னு வந்தாக்கூடத் தொடப்பத்தத்தான் எடுத்திருப்பீங்க."

கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரை படியின் சரிவோடு சேர்ந்து சரிந்து இறங்கும். வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். கடைசி மூலையில் உட்கார்ந்தால்தான் தலை தப்பும். அந்த மூலையில்தான் அவருடைய முக்காலி. தலைக்கு மேலே பகல் முழுக்கக் காலடிகள் ஏறும், இறங்கும். மேல்மாடித் தையல்காரர் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் இரண்டிரண்டு படியாகத் தாவும். எந்தக் கால் யாருடையது என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். அவற்றில் ஒரு காலடிகூட அவரைப் பார்க்க என்று வந்ததில்லை.

வேலையில் அவருக்கு ஒரு நிதானம் உண்டு. கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைகிறது என்றால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுவார், பிறகு மெமரியை, பிறகு கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையை, கடைசியாக மதர்போர்டை. ஒரே நேரத்தில் இரண்டை மாற்றக் கூடாது என்பது அவருடைய சட்டம். மாற்றினால், எதனால் சரியானது என்றே தெரியாது. குருவி உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகிவிடும். மெமரி அட்டையைப் பிடுங்கி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகி, ஒரு பகல் ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம்தான் அடுத்ததில் கை வைப்பார். மதர்போர்டில் உப்பிப்போன கெபாசிட்டரை விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்பார். கருகிய பவர் சப்ளையை மூக்கே காட்டிக்கொடுத்துவிடும். வாடிக்கையாளர்களிடம் அவர் போனில் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "மானிட்டர், ஒயரு, கீபோர்டு எதுவும் வேணாம். பெட்டி மட்டும் போதும்."

போன் வந்தாலே அது புகார்தான். ஆன் ஆகவில்லை, நின்று நின்று போகிறது, பீப் பீப் என்று கத்துகிறது. நன்றாக ஓடுகிறது என்று சொல்ல எவனும் போன் செய்ததில்லை. வயிறு நன்றாக இருக்கும்போது யார் வயிற்றை நினைக்கிறார்கள்? அதனால் 'ஹலோ' சொல்லும் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. எடுத்தவுடன், "என்ன பண்ணுது?" என்பார்.

அன்றைக்கும் அப்படித்தான் எடுத்தார்.

"அக்கா பேசறேன்டா," என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

அக்கா அவரோடு பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது. அக்கா புருஷனுக்கு ஒரு தங்கை இருந்தாள். 'என் தம்பி டிகிரி முடிச்சவன்' என்று அக்கா புகுந்த வீட்டில் பீற்றிக்கொள்ளாத நாளில்லை. அந்தப் பெருமையிலேயே சம்பந்தம் பேசி நாளும் குறித்துவிட்டார்கள். குறித்த பிறகு இவர் வேண்டாம் என்றார். பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. ஒருத்தி எந்நேரமும் கூடவே இருந்தால் அவளோடு என்னதான் பேசிக்கொண்டே இருப்பது என்று ஒரு பயம். அதை எந்த வாயால் சொல்வது? சொல்லாததால், படித்த திமிர் என்று பெயராயிற்று. அந்தப் பெண் வேறொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு, பிள்ளைகுட்டிகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். காரணம் எப்போதோ செத்து மண்ணாகிவிட்டது. கோபம் மட்டும், யாரும் சோறு போடாமலே, உயிரோடு இருந்தது.

"கம்ப்யூட்டர் நின்னு நின்னு போகுதுடா. ரெண்டு பேர்கிட்ட காட்டிட்டேன். ஒருத்தன் நல்லாத்தான் இருக்குங்கறான். இன்னொருத்தன் புதுசு வாங்குங்கறான்." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்க அத்தான்தான் உன்னக் கூப்பிடச் சொன்னாரு."

அது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

"பெட்டி மட்டும்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவர் நிறுத்தி, "நானே வர்றேன்க்கா," என்றார்.

அக்கா வீடு ஊரின் மறுகோடியில், மூன்றாவது மாடியில். கதவைத் திறந்த அத்தான் அவரை மேலும் கீழும் பார்த்தார். முன்பெல்லாம் வாய் நிறைய 'மாப்ள' என்பவர். இப்போது உள்ளே திரும்பி, "மெக்கானிக் வந்திருக்காரு," என்று அறிவித்துவிட்டுப் பேப்பருக்குப் பின்னால் போய்விட்டார்.

அக்கா, டாக்டர்கள் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவள். ஜன்னலோரம் மேஜை. காதில் ஹெட்போன். வலது காலடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள், அத்தானுக்கு முதுகு போய் வேலைக்குப் போக முடியாமல் ஆன பிறகு தானாகக் கற்றுக்கொண்ட தொழில் அது. வீடே அதில்தான் ஓடியது. பாதிப் பதிவில் கம்ப்யூட்டர் செத்தால், கம்பெனிக்காரர்கள் அந்தப் பதிவைப் பிடுங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

"இந்த மாசத்துக்குள்ள சரி பண்ணலன்னா என் பேரையே எடுத்துடுவாங்களாம்டா," என்றாள் அக்கா. சொன்னபோது அத்தானின் பேப்பர் அசையாமல் நின்றது.

தூசி முதலில், கம்ப்யூட்டர் தானே எழுதி வைத்திருக்கும் கோளாறுக் குறிப்புகளைத் திறந்து பார்த்தார். ஒவ்வொரு சாவுக்கும் ஒரே வரி: கரண்ட் எதிர்பாராமல் நின்றது. செத்தவன் செத்தான் என்று எழுதி வைப்பதுபோல. எதனால் என்று அதில் இருக்காது. பிறகு பக்கத் தகட்டைக் கழற்றினார். வாய்வரை வந்ததை விழுங்கப் பார்த்தார்; முடியவில்லை.

"தூசி."

"வாரா வாரம் தொடைக்கிறேன்!" என்று சீறினாள் அக்கா. "வந்ததும் வராததுமா என் வீட்ட அழுக்குங்கறியா?"

பேப்பருக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு, செருமலாக வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வந்தது.

பெட்டியை மட்டும் கடைக்குத் தூக்கிவந்தார். தூசி தட்டினார். பிராசசர் மேல் காய்ந்து பொருக்காகிப்போன, சூட்டைக் கடத்தும் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவினார். மெமரியைச் சோதித்தார். பெரிய பெரிய கணக்குகளைக் கொடுத்து மூச்சுமுட்ட ஓடவிட்டார். அது அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியாக ஓடியது. கொண்டுபோய் மாட்டினார். மறுநாள் மதியம் போன் வந்தது: "போயிடுச்சுடா."

மறுபடி பெட்டி கடைக்கு வந்தது. இந்த முறை பவர் சப்ளையை மாற்றினார். ஓடியது. கொண்டுபோனார். செத்தது. பெடல் மேல் சந்தேகம் வந்து அதைக் கழற்றி வைக்கச் சொன்னார். பெடல் இல்லாமலும் செத்தது. அக்கா நாற்காலியில் அவரே உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்க எதையெதையோ தட்டிப் பார்த்தார். ஒரு சிணுங்கல் இல்லை. அவர் படியிறங்கித் தெருமுனை தாண்டுவதற்குள் போன்.

"மெக்கானிக் இருக்கறவரைக்கும் ஓடுது," என்றார் அத்தான், அடுத்த முறை கதவைத் திறந்தபடி. "பேசாம இவரையே மேஜமேல தூக்கி வச்சுடு."

"வைக்கலாம். மூணு வேளையும் தூசி தட்டணுமே," என்றாள் அக்கா.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பைப் பஸ்ஸில் கடைவரை கொண்டுவந்தார்.

இப்படிப் போக வர, அவருக்குள் ஒன்று நடந்துகொண்டிருந்தது. முதல் நாள் நின்றுகொண்டே வேலை பார்த்தவருக்கு அடுத்த முறை நாற்காலி வந்தது. அதற்கடுத்த முறை, கேட்காமலே தட்டு வந்தது. கை துடைக்கத் துண்டு தந்தாள் அக்கா. அது வீட்டுத் துண்டு, விருந்தாளித் துண்டு இல்லை. இஸ்திரி போட்ட சட்டையை அவர் கடைக்குப் போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்து, "என்னண்ணே, பொண்ணு பாக்கறாங்களா?" என்று ஜெராக்ஸ்காரர் கேட்டார். போன் அடித்து, "போயிடுச்சுடா" என்று அக்காவின் குரல் வரும்போது, சட்டென்று ஒரு சந்தோஷம் வரும். உடனே தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருக்கும். அங்கே ஒரு குடும்பத்தின் பிழைப்பு நின்று நின்று போகிறது. இங்கே இவருக்குச் சந்தோஷமா?

மாதம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. அக்கா அதட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"நீ உன் வேலையப் பாருக்கா," என்றார் அந்த மதியம். "நான் எதையும் தொடல. சும்மா ஓரமா உக்காந்திருக்கேன்."

மேஜையின் பக்கவாட்டில் ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். மூடிய பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? பார்க்க வேறொன்றும் இல்லாததால் அக்காவைப் பார்த்தார். அத்தனை தடவை வந்தும் அவளை முழுதாகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காதோரம் வெள்ளை ஏறியிருந்தது. ஹெட்போன் அழுத்திய இடத்தில் முடி படிந்து கிடந்தது. டாக்டர் தெளிவாகப் பேசும்வரை அவள் முகம் சும்மா இருந்தது. வார்த்தையை அவர் மென்று விழுங்கியதும், அக்கா கீழுதட்டைக் கடித்தாள், பெடலை விட்டாள், பின்னால் ஓட்டி மறுபடி கேட்டாள். அப்போது அவளுடைய இடது கால் ஆட ஆரம்பித்தது.

சின்ன வயதிலும் அப்படித்தான். ஒரே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். அக்காவுக்குக் கணக்கு வராதபோதெல்லாம் பெஞ்சு ஆடும். இவருடைய எழுத்து கோணிக்கொண்டு போகும். 'காலாட்டாதடி' என்று அம்மா அடுப்படியிலிருந்தே கத்துவாள். இத்தனை வருஷம் கழித்து, அந்தக் கால் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. கட்டைவிரல், மேஜைக்கடியில் பெட்டிக்குப் பின்னாலிருந்து வளைந்து இறங்கும் கரண்ட் ஒயரைத் தொட்டுத் தொட்டுப் போனது. டாக்டர் இன்னொரு வார்த்தையை விழுங்கினார். கால் வேகம் பிடித்தது.

திரை கறுத்தது.

"பாத்தியா! பாத்தியா!" என்று கத்தினாள் அக்கா.

அவர் அதற்குள் மேஜைக்கடியில் இருந்தார். ஒயரை உருவி, கரண்ட் தடையில்லாமல் போகுமா என்று பார்க்க இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தார். பீப் என்றது. செருகும் முனையை ஒட்டிய கழுத்துப் பக்கம் லேசாக மடக்கினார், சத்தம் நின்றது. நிமிர்த்தினார், பீப். வெளித்தோல் புதுசு மாதிரி மின்னியது. உள்ளே செம்பு இழைகள் அற்றுப்போய், ஒன்றிரண்டின் உயிரில் ஊசலாடிக்கொண்டிருந்தன. அடிமேல் அடி அடித்தால் அம்மியே நகரும்போது ஒயர் என்ன செய்யும்? பெட்டியை எத்தனை தடவை தூக்கிக்கொண்டு ஓடினார்! ஒவ்வொரு தடவையும் இந்த ஒயரை இங்கேயே விட்டுவிட்டு, கடையில் தன்னுடைய நல்ல ஒயரை மாட்டியல்லவா ஓட்டிப் பார்த்தார்? பெட்டி மட்டும் போதும் என்று இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, பெட்டிக்கு வெளியே ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது.

"என்னடா, ஏதாவது தெரியுதா?" மேலேயிருந்து அக்காவின் குரல்.

மேஜைக்கடியில் மங்கலாக, ஒரு அறைபோல இருந்தது. கண்ணெதிரே அக்காவின் கால்கள். பையில் புது ஒயர் இருந்தது. மாட்டினால் முடிந்தது கதை. நாளைக்கு வர வேலை இல்லை. தட்டு இல்லை, துண்டு இல்லை. 'இன்னும் கொஞ்சம் பாக்கணும்க்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கும் வரலாம், மறுநாளும் வரலாம். மாதக் கடைசியில் மாட்டிக்கொடுத்தாலும் யாருக்குத் தெரியப்போகிறது?

"அடுத்த பதிவு வந்து நிக்குதுடா. போன்ல காட்டுது," என்றாள் அக்கா. குரல் இறங்கியிருந்தது. "எடுக்கட்டுமா? வேணாம்னு விட்டுடட்டுமா?"

அவளுடைய இடது கால், தரையில் ஒயர் இல்லாத இடத்தில், மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.

"எடுத்துக்கோக்கா," என்றார். "இனிமே நிக்காது."

புது ஒயரை மாட்டி, அவள் கால் எட்டாதபடி பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, வெளியே வந்து விஷயத்தைச் சொன்னார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "காலாட்டினதுக்காடா இவ்வளவும்!"

அத்தான் பேப்பரையே கீழே போட்டுவிட்டார். "பட்டம் வாங்கின மெக்கானிக், ஒயர விட்டுட்டுப் பெட்டியத் தூக்கிட்டு ஊரெல்லாம் அலஞ்சிருக்காருடி! மாப்பிள்ளைய விட்டுட்டு ஊர்வலம் போன கதையால்ல இருக்கு!"

சொன்ன பிறகுதான், எந்த மாப்பிள்ளை என்று அவருக்கே உறைத்தது. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. அத்தான் குனிந்து பேப்பரை எடுத்தார், மடிப்பு மடிப்பாக நீவினார், திரும்பவும் அதற்குப் பின்னால் போய்விட்டார்.

"சாப்பிட்டுட்டுப் போடா," என்றாள் அக்கா.

"கடைக்கு ஆள் வருவாங்கக்கா."

யாரும் வரப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கெட்ட ஒயரைக் கையோடு கொண்டுவந்தார். கெட்ட ஒயர் என்றால் உடனே இரண்டாக வெட்டிப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் நல்லதோடு கலந்து ஆளைக் கொல்லும். அது அவர் தொழிலின் சட்டம். அதை மட்டும் வெட்டாமல், சான்றிதழுக்குக் கீழே ஆணியில் மாட்டிவைத்தார்.

அக்கா போன் செய்யவில்லை. ஓடுகிற கம்ப்யூட்டருக்கு மெக்கானிக் எதற்கு? மாதம் முடிந்தது. இஸ்திரிச் சட்டை கொடியிலேயே கிடந்தது. தையல்காரர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு ஏறினார், இறங்கினார். மழைக்காகப் படிக்கட்டில் ஒதுங்கிய யாரோ ஒருவர் அவருடைய தலைக்கு நேர் மேலே வெகுநேரம் நின்றிருந்துவிட்டுப் போனார். தூசி பெட்டிகளைத் திறந்தார், மூடினார். வருகிறவர்களிடம் மட்டும் ஒரு மாற்றம்: "ஒயரையும் எடுத்துட்டு வாங்க," என்றார்.

ஒருநாள் மதியம் போன் அடித்தது.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலடா. நல்லா ஓடுது," என்றாள் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. "உள்ள பேன் சத்தம் போடுதா?"

"இல்ல."

"தொட்டா சூடா இருக்கா?"

"இல்லடா. என் பேர எடுக்கலையாம். அதான்..."

"சரிக்கா."

"ம்." என்றாள் அக்கா. "சரி, வைக்கட்டுமா?"

"சரிக்கா."

போன் அணைந்த பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக ஓடுகிறது என்று சொல்ல ஒருத்தி போன் செய்திருக்கிறாள். இவர் சூடு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கலாம். அத்தானுக்கு முதுகு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். இரண்டும் இப்போதுதான் நினைவுக்கு வந்தன. கோளாறு இல்லாத இடத்தில் எதைப் பிடித்துக்கொண்டு பேச்சைத் தொடங்குவது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆணியிலிருந்து அந்த ஒயரை எடுத்தார். கட்டரை வைத்து, கழுத்துப் பக்கம், இரண்டாக வெட்டினார். துண்டுகளைக் குப்பைப் பெட்டியில் போட்டார். பிறகு போனை எடுத்து அக்காவின் எண்ணை அழுத்தினார்.

"என்னடா, எதையாவது விட்டுட்டுப் போயிட்டியா?"

"இல்லக்கா."

"பின்ன?"

யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. "சும்மாதான்," என்றார்.

அந்தப் பக்கம் தள்ளியிருந்து அத்தானின் குரல் கேட்டது. "யாரு?"

"தம்பி."

"என்னவாம்?"

"ஒண்ணும் இல்லையாம்."

அக்கா போனை வைக்கவில்லை. மேஜைமேல் எங்கோ சாய்த்து வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள் போலிருக்கிறது. விசைகள் தட்டும் சத்தம் வந்தது; பிறகு நின்றது. யாரோ ஒரு டாக்டர் வார்த்தையை விழுங்கியிருக்க வேண்டும். தொடர்ந்து, தகரத்தில் கால்விரல் மோதும் சன்னமான சத்தம்: டொக், டொக், டொக். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்த பிறகும் அவள் கால் பெட்டியைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டது. அதற்கு அடியில், நிற்காமல், பேனின் ஒரே சீரான உறுமல்.

சரிந்த கூரைக்குக் கீழே, முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார் தூசி. காலாட்டாதக்கா என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.